இன்ஸ்பெக்டர் மீசையில் நடந்த ரசாயனப் பாடம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்த வாத்தியாரைப் போல ஆபத்தான பிராணி உலகத்தில் கிடையாது. பழைய வாத்தியார் தனக்குச் சரியாக வராத பாடத்தைப் பைய நழுவவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். புதியவர் அதைச் செய்து காட்டுகிறேன் என்று நிற்பார். நானும் ஒருமுறை அப்படி நின்றேன். (எழுதாதே, ஊருக்கே தெரிந்த கதை என்கிறார் என் வீட்டுக்காரர். ஊருக்குத் தெரிந்தது அவர் சொல்கிற கதை. அதில் நான் பாதிக் கொலைகாரி. அதனால்தான் எழுதவே உட்கார்ந்தேன்.)

நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்த காலம் அது. கன்னியாகுமரி மாவட்டம் என்று ஒன்று பிறக்கவில்லை. எனக்கு ஊர் நாஞ்சில் நாட்டின் கிழக்கே, வயலுக்கு நடுவில். திருவனந்தபுரம் போய் பி.எஸ்ஸி. படித்துவிட்டு வந்திருந்தேன். அந்த மூன்று எழுத்தும் என் நெற்றியில் எழுதியிருப்பதாகவும், எதிரே வருகிறவர்கள் எல்லாரும் அதைப் படித்துவிட்டுத்தான் ஒதுங்கி வழி விடுகிறார்கள் என்றும் நினைத்துக்கொண்டு நடப்பேன். குடை பிடித்திருந்ததால்தான் ஒதுங்கினார்கள் என்பது பிறகு புரிந்தது.

வேலை கிடைத்தது மேற்கே, மண்டைக்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறு ஊரில். வேதக்காரர்கள் (கிறிஸ்தவர்கள்) நடத்திய பள்ளிக்கூடம். மூன்றாம் பாரம் வரைதான் உண்டு. அதற்கு மேல், நாலாம் பாரம் என்கிற ஹைஸ்கூலின் முதல் வகுப்புக்குப் போக வேண்டுமானால் குளச்சலுக்கு நடக்க வேண்டும். பையன்கள் நடந்தார்கள். பெண்பிள்ளைகளை யார் அனுப்புவார்கள்? மூன்றாம் பாரத்தோடு புத்தகத்தைக் கட்டி மச்சில் போட்டுவிட்டுக் கல்யாணம்தான்.

இந்த ஊருக்கே நாலாம் பாரம் வாங்கிவிட வேண்டும் என்று எங்கள் ஹெட்மாஸ்டர் நடையாய் நடந்து, கடைசியில் இன்ஸ்பெக்டரிடமிருந்து ஒரு வாக்குறுதி பெற்றிருந்தார். சயன்ஸ் படித்த ஒரு டீச்சர் இருக்க வேண்டும். அந்த டீச்சர் ஹைஸ்கூல் பாடம் ஒன்றைத் தன் முன்னால் சோதனையோடு நடத்திக் காட்ட வேண்டும். திருப்தியானால் ஜூன் மாதமே வகுப்பு. அந்த சயன்ஸ் படித்த டீச்சர் நான்தான்.

மூன்றாம் பாரத்தில் லீலாபாய் என்று ஒருத்தி இருந்தாள். அம்மை போட்டதில் ஒரு வருஷமும் தம்பி பிறந்ததில் ஒரு வருஷமும் போய், வகுப்பிலேயே மூத்தவள். ஒரு கேள்வியை நான் பாதி கேட்கும்போதே பதிலோடு எழுந்து நிற்பாள். அவளுடைய அப்பா தேங்காய் வியாபாரி. இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்று கேள்விப்பட்டு ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

"டீச்சரே, நாலாம் பாரம் இஞ்ச வந்துட்டுண்ணா பிள்ள படிக்கட்டும். நான் ஒண்ணும் வேண்டாம்னு சொல்லல்ல. ஆனா குளச்சலுக்கு நடத்தி விட மாட்டேன், கேட்டியளா. வரல்லண்ணா வைகாசியில கல்யாணம். எனக்க மச்சானுக்க மகன் இருக்கான், பஸ் கம்பெனியில கிளார்க்கு. பின்ன என்ன வேணும்?"

லீலாபாய் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா போனதும் உள்ளே வந்து, "டீச்சர், நல்லா செஞ்சு காட்டுவியளா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் என் மேல் நம்பிக்கை பாதியும் சந்தேகம் பாதியும் இருந்தது. "ஏட்டி, நான் பி.எஸ்ஸி. தெரியுமா?" என்றேன். அவளுக்கு அது போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

நான் எடுத்துக்கொண்ட பாடம் ஆக்ஸிடேஷன், ரிடக்‌ஷன். (இப்போது புத்தகத்தில் ஆக்சிஜனேற்றம், ஆக்சிஜனொடுக்கம் என்று போடுகிறார்கள்.) சோதனை சுலபம், பார்க்கவும் அழகு. காலரா வந்தால் கிணற்றில் போடுவார்களே, பெர்மாங்கனேட் என்கிற ஊதாப் பொடி, அதைத் தண்ணீரில் கரைத்தால் நல்ல சிவப்பு கலந்த ஊதா. அதில் கொஞ்சம் அமிலம் விட்டு, லேசாகச் சூடாக்கி, ஆக்ஸாலிக் அமிலம் என்ற வெள்ளைத் தூளைப் போட்டால் நிறம் முழுக்க ஓடிப்போய் வெறும் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். ஊதாப் பொடி தன்னிடம் உள்ள ஆக்சிஜனைக் கொடுக்கிறது, மற்றது வாங்கிக்கொள்கிறது. கொடுத்தது ஒடுங்கியது, வாங்கியது ஏறியது. முந்தின நாள் ஒத்திகையில் செய்து காட்டியபோது நிறம் மறைந்ததும் பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். லீலாபாய் சிரித்தாள். இனி இன்ஸ்பெக்டர் எத்தனை பேர் வந்தாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு மிதப்பு ஏறிவிட்டது.

பள்ளியில் பெரிய பீக்கர் கிடையாது. பின் பெஞ்சுக்கும் தெரிகிற மாதிரி கரைசலைக் காட்ட வேண்டுமே என்று ஹெட்மாஸ்டர் வீட்டில் போய் ஒரு கண்ணாடி ஜக் கேட்டு வாங்கினேன். அவர் கல்யாணத்துக்கு வந்த ஜோடி ஜக்கில் ஒன்று. இன்ஸ்பெக்டர் வருகிற அன்று காலையில் அதில் கரைசலைக் கொஞ்சம் கனமாகவே கலந்து, மேஜையில் வைத்து, தட்டைக் கொண்டு மூடினேன். லேபிள் ஒட்டவில்லை. ரசாயனம் உள்ள எந்தப் பாத்திரத்திலும் லேபிள் ஒட்ட வேண்டும் என்பது காலேஜில் முதல் நாள் முதல் மணி நேரத்தில் சொல்லிக் கொடுத்தது. அந்த ஒரு மணி நேரம் நான் புதுச் சேலையின் முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தேன் போலிருக்கிறது.

பிறகு எல்லாரோடும் இன்ஸ்பெக்டரை வரவேற்க வாசலுக்குப் போனேன். ஆறடி உயரம், தோளில் சரிகைக் கசவு வைத்த நேரியல் துண்டு, கையில் மூக்குப்பொடி டப்பா. இதெல்லாம் பிறகுதான் கண்ணில் பட்டது. முதலில் பட்டது மீசை. நடுவில் மட்டும் லேசாகப் பொடிக்கறை, மற்றபடி வெள்ளை வெளேரென்று, அடர்த்தியாக, மேல் உதட்டை முழுவதும் மூடி, இரண்டு பக்கமும் மேலே முறுக்கி விட்ட மீசை. அதை யாரோ தினமும் உட்கார்ந்து பராமரிக்கிறார்கள் என்று பார்த்தாலே தெரியும்.

நாங்கள் வாசலில் நின்ற அந்த நேரத்தில் வகுப்பில் என்ன நடந்தது என்பது பிற்பாடு விசாரித்துத் தெரிந்துகொண்டது. ஹெட்மாஸ்டரின் மனைவி, பெரிய மனுஷர் வருகிறாரே என்று ஜோடியின் இன்னொரு ஜக்கில் குடிக்க வெள்ளம் (தண்ணீரைத்தான் அங்கே அப்படிச் சொல்வது) கொடுத்து அனுப்பியிருந்தார். ஹெட்மாஸ்டர் வாசலுக்கு வருவதற்கு முன் அதைக் கொண்டுவந்து மேஜையில் வைத்திருக்கிறார். பக்கத்தில் பார்த்தால் அதே மாதிரி இன்னொரு ஜக், அதிலும் சிவப்பு வெள்ளம். 'ரெண்டு ஜக்குலயும் அனுப்பிட்டா போல' என்று நினைத்து, ஒன்றை எடுத்து இன்ஸ்பெக்டர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வைத்துவிட்டார். அவர் எடுத்து வைத்தது என்னுடையது.

குடிக்கிற வெள்ளம் எப்படிச் சிவப்பாக இருக்கும் என்று கிழக்குப் பக்கத்துக்காரர்கள் கேட்பீர்கள். எனக்கும் அன்றைக்குத் தெரியாது. எங்கள் ஊரில் வெள்ளம் வெள்ளமாகத்தான் இருக்கும், மிஞ்சினால் சீரகம் மிதக்கும்.

பாடத்தை அமர்க்களமாக ஆரம்பித்தேன். மேஜையில் இருந்த ஜக்கைத் தூக்கிக் காட்டி, "இந்த நிறத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், இன்னும் சற்று நேரத்தில் இது காணாமல் போகும்" என்றேன். (மந்திரவாதி மாதிரி கையை வேறு சுழற்றினேன். லீலாபாய் இன்றுவரை அதை நடித்துக் காட்டுகிறாள்.) ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றி, அமிலத்தை விட்டேன். உடனே அது மஞ்சளாகிவிட்டது.

நல்ல மஞ்சள். மாட்டுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் பெய்யுமே, அந்த மஞ்சள்.

சூடாக்கினேன். மஞ்சள். ஆக்ஸாலிக் அமிலத்தைப் போட்டுக் குலுக்கினேன். மஞ்சள். இன்னொரு ஸ்பூன் போட்டுக் குலுக்கினேன். மஞ்சள் என்னைப் பார்த்துச் சிரித்தது. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் பெர்மாங்கனேட் இப்படி மானத்தை வாங்கியதில்லை. முதல் பெஞ்சில் லீலாபாயைப் பார்த்தேன். அவள் குழாயைப் பார்க்கவில்லை, கையைப் பிசைந்துகொண்டு இன்ஸ்பெக்டர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே வைகாசி மாதம் எழுதியிருந்தது.

"டீச்சரே, நிறம் போகும் என்னல்லே பறஞ்சது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"போய்க்கொண்டிருக்கிறது சார்" என்றேன். வேறென்ன சொல்ல?

நிலைமை மோசமாவதைக் கண்ட ஹெட்மாஸ்டர், அவரைச் சமாதானப்படுத்த நினைத்து ஸ்டூலில் இருந்த ஜக்கிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றி, "சார், வெயில்ல வந்திருக்கிய, கொஞ்சம் வெள்ளம் குடியுங்க" என்று நீட்டினார். இன்ஸ்பெக்டர் ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார். "பதிமுகம் கொறச்சு கூடிப்போயி ஹெட்மாஸ்டரே, நல்ல துவர்ப்பு" என்றார். பெரிய மனுஷத்தனத்தோடு இன்னொரு வாய் எடுத்தார்.

நான் குனிந்து லீலாபாயிடம், "ஏட்டி, பதிமுகம்னா என்ன?" என்று மெல்லக் கேட்டேன்.

"அது ஒரு மரத்துக்க தடி டீச்சர். வெள்ளத்துல போட்டுக் காச்சுனா சொவப்பா வரும். எல்லா வீட்டுலயும் அதுதானே குடிக்கது? உங்க ஊருல இல்லியா?"

அப்போதுதான் அந்த இரண்டாவது ஜக் என் கண்ணில் பட்டது. இத்தனை நேரம் நான் மஞ்சளாக்கிக்கொண்டிருந்தது பதிமுக வெள்ளம், அவர் குடித்துக்கொண்டிருந்தது என் கரைசல். "ஐயோ சார், குடிக்காதீங்க! அது கிணற்று மருந்து!" என்று நான் போட்ட கூச்சல் கடற்கரைக்குக் கேட்டிருக்கும்.

அவர் விழுங்காமல் வைத்திருந்த இரண்டாவது வாய் அப்படியே அதிர்ச்சியில் வெளியே வந்தது. கொஞ்சம் ஹெட்மாஸ்டரின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. மிச்சம் முழுவதும் மீசை வழியாக வடிந்தது.

முதல் வாய் உள்ளே போயிருந்ததே, அதுதான் எனக்குப் பயம். தொண்டைப் புண்ணுக்கு டாக்டர்களே இதைக் கலக்கிக் கொப்பளிக்கச் சொல்வார்கள், ஒரு வாய்க்கு உயிர் போகாது என்று படித்திருக்கிறேன். படித்ததை நம்பிச் சும்மா இருக்க முடியவில்லை. பச்சைத் தண்ணீர் கொண்டுவரச் செய்து கொப்பளிக்கச் சொன்னேன், குடிக்கச் சொன்னேன். ஒன்றும் ஆகவில்லை என்று தெளிந்ததும் அவர் எழுந்து நின்று திட்ட ஆரம்பித்தார்.

இப்படி ஒரு திட்டை நான் வாழ்நாளில் வாங்கியதில்லை. பாதி மலையாளம், பாதி தமிழ், கோபம் உச்சிக்குப் போனபோது இங்கிலீஷ். பிள்ளைகள் மூச்சு விடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன் பேச்சை இவ்வளவு கவனமாகக் கேட்கிற பிள்ளைகளை அவர் அதுவரை கண்டதில்லை போலும், அதில் இன்னும் உற்சாகமாகித் திட்டினார். அவருக்குத் தெரியாது, அவர் திட்டத் திட்ட மீசை நிறம் மாறிக்கொண்டிருந்தது. முதலில் ஊதா. பிறகு செம்மண். பிறகு நல்ல கருப்பட்டி நிறம்.

"என்ன நோக்குந்நு எல்லாரும்?" என்று அதட்டினார்.

லீலாபாய் எழுந்தாள். நான் கண்ணைக் காட்டினேன். அவள் என் கண்ணைப் பார்க்கவே இல்லை.

"சார், உங்களுக்க மீசையில ஆக்ஸிடேஷன் நடக்குது."

ஹெட்மாஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவிக் கையைப் பார்த்தார். "கண்ணாடி எவிடே?" என்றார். ஹெட்மாஸ்டர் வீட்டுக்கு ஓடி, சவரம் செய்கிற கண்ணாடியைக் கொண்டுவந்தார். அதில் தன்னைப் பார்த்த இன்ஸ்பெக்டர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதுவரை இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றோ, அழுதுவிடுவார் போலிருந்தது.

"நாளை எனக்க மகளுக்கு நிச்சயதார்த்தம்" என்றார். "இந்த மீசையும் வச்சுக்கொண்டு நான் எங்ஙனே சம்பந்திமாருக்கு முன்னால நிக்கும்?"

எனக்கு அவர்மேல் உண்மையிலேயே பாவமாக இருந்தது. என்னைப் பார்த்தால் அதைவிடப் பாவமாக இருந்திருக்கும். லீலாபாய் மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

"சார், ஊதாப் பொடி ஆக்சிஜனை உங்க மீசைக்குக் கொடுத்துட்டு. அதனால அது ஒடுங்கி அரக்கு நிறமா ஒட்டிக்கிட்டு. அந்த அரக்க இன்னும் ஒடுக்கினா நிறம் போயிரும். டீச்சர் நேத்து செஞ்சு காட்டுனாங்க" என்றாள். பிறகு அதே மூச்சில், "மீசை வெளுத்தா நாலாம் பாரம் தருவியளா சார்?" என்றாள்.

"ஏட்டி, உக்காரு!" என்று ஹெட்மாஸ்டர் பல்லைக் கடித்தார்.

"ஆத்தியம் வெளுக்கட்டே. பின்னே நோக்காம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நோக்காம், பாக்கலாம்னு சொன்னா போதாது சார்."

அவர் அவளைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். "தராம்!" என்று கத்தினார். "வெளுத்தா தராம்!"

இப்போது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மேஜையில் ஆக்ஸாலிக் அமிலம் இருந்தது. அது நஞ்சு, வாய்ப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. ஒரு நாளைக்கு ஒரு தடவை விஷம் கொடுத்தால் போதும் என்று எனக்கே பட்டது. வேறு வழி தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தபோது ஜன்னலுக்கு வெளியே புளிச்சிக்காய் மரம் தெரிந்தது. மீன்குழம்புக்குப் போடுவோமே, விரல் நீளத்தில் தண்டிலேயே கொத்துக் கொத்தாகத் தொங்கும், அந்தக் காய். அதன் புளிப்பில் இதே அமிலம் லேசாக உண்டு என்று எங்கோ படித்த ஒரு வரி ஞாபகத்துக்கு வந்தது. பி.எஸ்ஸி. படித்ததில் அன்றைக்கு எனக்கு உதவியது அந்த ஒரு வரிதான்.

பிள்ளைகள் மரத்தையே மொட்டையடித்துக் கொண்டுவந்தார்கள். நான் காயை நீளவாக்கில் வெட்டிக் கொடுக்க, ஹெட்மாஸ்டர் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நிற்க, இன்ஸ்பெக்டர் தானே மீசையில் தேய்த்தார். சாறு வாய்க்குள் போகும்போதெல்லாம் ஒரு கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாம் பாரம் முழுவதும் அவரைச் சுற்றி நின்றது. யாரையும் நான் உட்காரச் சொல்லவில்லை. நானே கர்த்தரை வேண்டிக்கொண்டு நின்றேன், அது பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும்.

முதலில் ஒன்றுமே ஆகவில்லை. லீலாபாய் கண்ணை இமைக்காமல் அவர் உதட்டுக்கு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வலது ஓரத்தில் ஒரு முடி வெளுத்தது. "அன்னா பாருங்க, அன்னா!" என்று கத்தினாள். அப்புறம் ஓரம் ஓரமாகக் கருப்பட்டி கரைந்தது. தேய்த்து, கழுவி, மறுபடி தேய்த்து, கடைசியில் பார்த்தால் மீசை வரும்போது இருந்ததைவிட வெளுத்துவிட்டது. பொடி போட்டுப் போட்டு நடுவில் இத்தனை வருஷமாக ஏறியிருந்த மஞ்சளையும் புளிச்சிக்காய் எடுத்துவிட்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியில் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். நுனியை முறுக்கினார். "கொள்ளாம்" என்றார். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். மிச்சமிருந்த காய்களை நேரியலில் முடிந்துகொண்டு, வேறு ஒரு வார்த்தை சொல்லாமல் புறப்பட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு இருந்த நாட்களை எப்படிச் சொல்ல? லீலாபாயின் அப்பா கல்யாணத்துக்குத் தேங்காயை ஒதுக்கி வைக்க ஆரம்பித்துவிட்டார். நான் ஊருக்குப் போய், வேலை போனால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மே மாதம் ஒருநாள் ஹெட்மாஸ்டர் வேட்டி தடுக்க வந்து சேர்ந்தார். "டீச்சரே, கிடைச்சாச்சு! நாலாம் பாரம் கிடைச்சாச்சு!" நான் அடுக்களையில் போய் நின்று அழுதேன். சந்தோஷத்தில் அப்படி ஓர் அழுகை வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஜூன் மாதம் முதல் நாள் லீலாபாய் எல்லாருக்கும் முன்னால் வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளோடு ஊர்ப் பெண்பிள்ளைகள் ஒரு பெஞ்சு நிறைய. (அவள் பிறகு மேலே படித்துக் கணக்கு டீச்சர் ஆனாள். கெமிஸ்ட்ரி எடுக்கலாமே என்றேன். "வேண்டாம் டீச்சர், பயமா இருக்கு" என்றாள். அவளுக்கா பயம்!)

கதை இதோடு முடிந்திருந்தால் என் வீட்டுக்காரருக்கு இதில் வேலை இல்லை. அந்த மாதமே ஒரு சனிக்கிழமை, பள்ளி வாசலில் மீசை வைத்த ஒரு வாலிபர் வந்து நின்றார்.

"நீங்கதானே சயன்ஸ் டீச்சர்? லீலாவுக்கு மாமன் மகன் நான். எனக்குப் பேசி வச்ச பெண்ண நீங்க படிக்க வச்சிட்டிய. அம்மைக்கு நல்ல கோவம். உங்களப் போய் நாலு வார்த்த கேட்டுட்டு வான்னு அனுப்பினா."

"கேளுங்க" என்றேன். எனக்கும் அதற்குள் திட்டு வாங்கிப் பழகியிருந்தது.

அவர் தன் மீசையைத் தடவிக்கொண்டார். "அந்த மீசை எப்படிக் கறுத்துச்சு?" என்று கேட்டார்.

சொன்னேன். "பின்ன எப்படி வெளுத்துச்சு?" அதையும் சொன்னேன். கவனமாகக் கேட்டார். வெயிலில் வந்த மனுஷர் ஆயிற்றே என்று ஒரு டம்ளர் வெள்ளம் கொடுத்தேன். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், கடைசியில் ஒரு சொட்டும் மீசையில் படாமல் அண்ணாந்து வாயில் ஊற்றிக்கொண்டார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அடுத்த சனிக்கிழமை ரிடக்‌ஷனில் ஒரு சந்தேகம் என்று வந்தார். அதற்கடுத்த சனிக்கிழமை சந்தேகம் முற்றிவிட்டது. கடைசியில் அவருடைய அம்மாவே வந்தார்.

"நாலு வார்த்த கேட்டுட்டு வாலேன்னு அனுப்பினேன். இவன் வாரா வாரம் வந்து கேட்டுட்டு நிக்கான். இன்னும் எத்தன வார்த்தயாக்கும் பாக்கி, டீச்சரே?"

தை மாதம் சர்ச்சில் கல்யாணம். தோழிப்பெண்ணாக லீலாபாய்தான் நின்றாள்.

இவர் இன்றுவரை நான் கொடுக்கிற எதையும் அண்ணாந்துதான் குடிக்கிறார். பிள்ளைகள் அதைப் பார்த்து வளர்ந்து அவர்களும் அப்படியே. பேரப்பிள்ளைகளும் அப்படியே. போன மாதம் பேத்தியைப் பெண் பார்க்க ஒரு பையன் வந்தான். வாட்டசாட்டமான பையன், அருமையான மீசை. நான் சாயா கொண்டுவந்து கொடுத்தேன். இவர் அவன் பக்கம் சாய்ந்து, மெல்லப் பேசுவதாக நினைத்துக்கொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரி, "மக்கா, அண்ணாந்து குடிச்சிரு. இவ கையால தாறத எல்லாரும் அப்படித்தான் குடிப்போம்" என்றார். வீட்டில் உள்ள அத்தனை பேரும், அந்த மூலையில் உட்கார்ந்திருந்த லீலாபாய் உட்பட, டம்ளரை ஒன்றுபோல உயரத் தூக்கினார்கள். அவனும் பார்த்துவிட்டுத் தூக்கினான்.

கொதிக்கக் கொதிக்கச் சாயா. பாவம், நாக்கு வெந்துபோயிற்று. மீசைக்கு ஒன்றும் ஆகவில்லை.